பழைய ஷாட்கன்: மாற்றினீர்களா, அப்படியே விட்டீர்களா? உங்கள் அனுபவம்

மாடல்12
வின்செஸ்டர் மாடல் 12, தாத்தாவுடையது. அவர் நல்ல உயரம், எனக்குக் கை குட்டை. தோளில் வைத்தால் கன்னம் சரியான இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. தோளில் வைக்கும் மரக்கட்டையை வெட்டிக் குறைத்து ரப்பர் பேட் போடலாம் என்று கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டு போனேன். டேப் ஒட்டி, பென்சிலால் கோடும் போட்டுவிட்டார். அப்புறம் பின்பக்கத் தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கம்பெனிப் பெயர் ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கிறது, மறுபக்கம் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. தாத்தா எப்போதும் ஒரே வாட்டத்தில்தான் சுவரில் சாய்த்து வைப்பார். வெட்டிய பிறகு கட்டை ஒடுங்கிவிடும், இந்தத் தகடு பொருந்தாது என்று கன்ஸ்மித் சொன்னதும், "சரி, இருக்கட்டும்" என்று வாங்கி வந்துவிட்டேன். இப்போது சுடவும் முடியவில்லை, வெட்டவும் மனம் வரவில்லை.

பக்கக்குழல்
நல்லவேளை, திரும்பி வந்தீர்கள். மாமாவின் இரட்டைக் குழலைப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் வாங்கிப் போய் ஹாட் புளூயிங், அதாவது கொதிக்கும் கரைசலில் முக்கி இரும்புக்குக் கருநீல நிறம் ஏற்றும் வேலையைச் செய்துவிட்டார். இரண்டு குழலையும் நடுவில் ஓடும் ரிப் என்ற நீளப் பட்டையையும் பிடித்து வைத்திருப்பது ஈயப்பற்று. கொதிக்கும் காரக் கரைசல் அதை அரித்துவிடும். திரும்பி வந்தபோது நிறம் கண்ணைப் பறித்தது. மாமா ஒன்றும் பேசாமல் குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டினார். முன்பெல்லாம் கணீரென்று நீளமாக ஒலிக்கும். அன்று டொக் என்றது, பற்று விட்டுவிட்டது. இரட்டைக் குழலுக்கு, மெல்லத் துருவேற்றி நிறமாக்கும் ரஸ்ட் புளூயிங்தான் செய்ய வேண்டும்.

ஆட்டோ5
மேலே இருவரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சுடாமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜான் பிரௌனிங்கின் ஆட்டோ-5, 1902 முதல் 1998 வரை தயாரானது, லட்சக்கணக்கில் இருக்கிறது. என்னுடையதில் ஃபுல் சோக்கை (குழல் நுனியில் உள்ள இறுக்கமான ஒடுக்கத்தை) எடுத்துவிட்டு, மாற்றக்கூடிய சோக் போட்டேன். அதுவரை தவறிக்கொண்டே இருந்த, குறிபார்த்துச் சுட வீசும் களிமண் தட்டு நடுவானில் கரும்பொடியாகக் கலைந்ததை மறக்கவே மாட்டேன்.

எதை வெட்டலாம் என்று கேட்கும் முன் எந்தத் தோட்டாவைப் போடுகிறோம் என்று பாருங்கள். பழைய குழல்கள் பலவற்றில் சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டா அதில் சுலபமாக உள்ளே போய்விடும், ஆபத்தே அதுதான். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாமல் வாய் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் போய் மாட்டி, அழுத்தம் எகிறும். அப்புறம் ஸ்டீல் ரவை, தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். அது ஈயம்போல நசுங்காது. பழைய ஃபுல் சோக்கில் போட்டால் குழல் நுனியில் வளையமாகப் புடைத்துவிடும். பிஸ்மத் ரவை வாங்குங்கள். ஆட்டோ-5 வைத்திருப்பவர்கள் குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, உராய்வு வளையங்கள் தோட்டாவின் வேகத்துக்கு ஏற்ற வரிசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முன்கட்டை விரிசல் விடும்.

பழையகுழல்
ஆட்டோ-5 லட்சக்கணக்கில் இருக்கலாம். அதை வைத்து எல்லாத் துப்பாக்கிக்கும் சட்டம் போடாதீர்கள். சேம்பர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டு யாராவது 65-ஐ 70 ஆகக் கடைந்துவிடப் போகிறார்கள். ஒருவர் என்னிடம் காட்டிய பர்மிங்ஹாம் இரட்டைக் குழலில் அப்படித்தான் செய்திருந்தார்கள். வெளியே ப்ரூஃப் முத்திரை (குழல் அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய அடையாளம்) அப்படியே இருக்கிறது, அன்று சோதித்த உலோகம் உள்ளே இல்லை. சுவர்க்கனம் அளக்கும் கருவியின் முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இனி அதை மறுபடி ப்ரூஃபுக்கு அனுப்ப வேண்டும், அதில் தாங்குமா என்பது வேறு கவலை.

மாடல்12 நண்பரே, வேறொரு கட்டை வாங்கி அதை வெட்டுங்கள். 1912-லிருந்து 1964 வரை தொடர்ந்து வந்த மாடல், பழைய கட்டை தேடினால் கிடைக்கும். தகட்டுக்குப் பின்னால் நீள போல்ட் ஒன்று இருக்கும், அதை எடுத்தால் கட்டை தனியே வந்துவிடும். நுனி சரியாகப் பொருந்தும் நீளமான ஸ்குரூடிரைவரைப் பிடியுங்கள். பள்ளம் சிதைந்துவிட்டால் போல்ட்டை வெளியே எடுப்பது பெரும்பாடு.