ஜோஷ் கிப்சனின் .372

*கவின்:* மாமா, பேஸ்பாலில் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்தான் முதலிடம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போதைய பட்டியலில் ஜோஷ் கிப்சன் .372 என்று, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 372 முறை வெற்றிகரமாக அடித்த கணக்கில், அவருக்கு மேலே இருக்கிறார். 1947-லேயே இறந்துபோனவர் 2024-ல் எப்படி முதலிடத்துக்கு வந்தார்?

*மாமா:* அவர் அடித்ததெல்லாம் அன்றே அடித்ததுதான், கவின். கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள் அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியை நடத்தும் மேஜர் லீக்காரர்கள். நீக்ரோ லீக் கணக்கை அவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தது 2024-ல்தான். கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை என்று அணி முதலாளிகள் எழுத்தில் வைக்காத ஓர் ஏற்பாட்டை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடித்ததால், கிப்சன் தன் ஆட்டத்தின் பெரும்பகுதியை கறுப்பின வீரர்களுக்கென இருந்த நீக்ரோ லீக் எனப்பட்ட தனிப் போட்டிகளில், அதிலும் பெரும்பாலும் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்காகவே ஆட வேண்டியிருந்தது. வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் வெள்ளையர் அணி வெளியூர் போயிருக்கும் நாட்களில் கிரேஸ் அணி வாடகை கொடுத்து ஆடும். வாடகையை வாங்கிக்கொண்ட அந்த அணி, கிப்சனை மட்டும் வாங்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

*அக்கா:* அவர் கேட்சர்தானே மாமா?

*மாமா:* ஆமாம் அம்மா. நம் விக்கெட் கீப்பரைப் போல, ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். அப்படி முழங்கால் தேய ஆடிக்கொண்டே, 1943-ல் .466 சராசரி எடுத்தார். மூளையில் கட்டி இருப்பது தெரியவந்ததும் அதே ஆண்டில்தான்.

*கவின்:* அந்தக் கணக்கெல்லாம் எங்கே கிடைத்தது?

*மாமா:* கறுப்பின மக்கள் நடத்திய பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற பத்திரிகைகளில் ஆட்ட விவரம் வரும். ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பழைய இதழ்களைப் புரட்டி ஒவ்வோர் ஆட்டமாகச் சேர்த்தார்கள். ஊர் ஊராகப் பேருந்தில் போய் உள்ளூர் அணிகளோடு ஆடிய எண்ணற்ற ஆட்டங்கள் இதில் சேரவில்லை.

*அக்கா:* குடும்பம் இருந்ததா?

*மாமா:* 1930-ல் இரட்டைக் குழந்தைகளைப் பெறும்போது மனைவி ஹெலன் இறந்துவிட்டார். அப்போது கிப்சனுக்கு 18 வயது. அவரும் 1947 ஜனவரியில், 35 வயதில் போய்விட்டார். அந்தத் தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் கால் வைத்தது அதற்கு மூன்றே மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று.

*கவின்:* அந்த மூன்று மாதத்தை நினைத்தால் தாங்கவில்லை மாமா.

*மாமா:* 1972-ல் கிப்சனை, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அப்போதும் பிட்ஸ்பர்க்கில் அவர் கல்லறையில் பெயர் கிடையாது. 1975-ல்தான் ஒரு சிறிய கல்லைப் பதித்தார்கள்.