88-க்குப் பிறகு கேட்காதவர் ரசிகரா?

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
எங்கள் பெரியப்பா நாற்பது வருஷமாக அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பாண்டின் ரசிகராம். ஆனால் 1988இல் வந்த 'செவன்த் சன்' அல்பத்தோடு அவருக்குக் கதை முடிந்துவிட்டது. நேற்று 2000இல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' போட்டேன். இரண்டாவது பாட்டு முடியவில்லை, மாட்டுக்குப் புல் போட எழுந்து போய்விட்டார். இவர் பாண்டுக்கு ரசிகரா, தன் இளமைக்கு ரசிகரா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

பழைய கெசட் (பண்டாரவளை):
தம்பி, நான் உங்க பெரியப்பா கட்சி. எங்க தோட்டத்து லயத்தில் கரண்ட் இல்லாத காலம். கொழும்பு புறக்கோட்டையில் கடையில் நின்ற மாமா மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' அல்பத்தைப் பதிந்து கொண்டுவந்தார். அல்பம் 51 நிமிஷம், 90 நிமிஷக் கெசட்டில் ஒரு பக்கம் 45தான். கடைசிப் பாட்டு ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கிழ மாலுமி கதை, பதின்மூன்று நிமிஷத்துக்கு மேலே. நடுவில் இசை அடங்கி, கப்பல் பலகை முனகும். அந்த இடத்தில் 'டக்'. திருப்பிப் போட்டால் டி.எம்.எஸ். முருகன் பாட்டு! மாலுமி கரை சேர்ந்தானா என்று கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். பெட்டரியை மிச்சம் பிடிக்கப் பேனையைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கேட்டவனுக்குப் பரீட்சை வைக்காதீங்க. 1993இல் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பாண்டை விட்டுப் போனார். அவர் குரல் இல்லாத மெய்டன் எனக்குச் சம்பல் இல்லாத ரொட்டி.

மூன்றாம் கிட்டார் (பதுளை):
அண்ணே, கெசட் கதை நல்லாத்தான் இருக்கு, வாதம் நிற்காது. புரூஸ் வந்ததே 1981இல். முதல் இரண்டு அல்பமும் பாடியது போல் டியானோ என்ற பாடகர். அவர் ரசிகர்களும் உங்களைப் போல முறுக்கிக்கொண்டு போயிருந்தால்? இன்னொன்று, புரூஸ் 1999இல் திரும்பி வந்துவிட்டாரே, கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் கூட. குரல்தான் பிரச்சினை என்றால் 2000இல் நீங்கள் திரும்பியிருக்க வேண்டும். அது போகட்டும். 2001இல் மெய்டன் ரியோவில் நடத்திய நிகழ்ச்சியின் பதிவில் 'த கிளான்ஸ்மேன்' பாட்டு பிடிக்குமா?

பழைய கெசட்:
பிடிக்கும். மகன் போட்டுக் காட்டினான். கூட்டம் கத்துகிற கத்தில் புல்லரித்தது.

மூன்றாம் கிட்டார்:
அது 1998 பாட்டு. பிளேஸ் பெய்லி பாடகராக இருந்தபோது வந்தது. மாட்டினீங்களா?

பழைய கெசட்:
சரி, மாட்டினேன். ஆனால் எனக்குப் பிடித்தது புரூஸ் பாடினதால்தானே? நீங்க எனக்குத்தான் சாட்சி சொல்றீங்க.

தப்புக்காரன் (தலவாக்கலை):
இரண்டு பேரும் பாடகரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 1975இல் பாண்டைத் தொடங்கியது ஸ்டீவ் ஹாரிஸ், பேஸ்காரர். வெறும் விரலால் குதிரை ஓட்டம் மாதிரி தடதடவென்று அடிப்பார். யார் வந்தாலும் போனாலும் அந்த ஓட்டம் அப்படியே இருக்கிறது. நான் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவன். முதல்முறை மெய்டனின் 'ட்ரூப்பர்' பாட்டைக் கேட்டபோது கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. மழை நாளில் தப்பைத் தீயில் காய்ச்சாமல் அடித்தால் தோல் தொளதொளவென்று கிடக்கும், சத்தம் எழும்பாது. 'கிளான்ஸ்மேன்' வந்த 98 அல்பத்தின் ஒலிப்பதிவு என் காதுக்கு அப்படித்தான். பாட்டில் குறையில்லை, காய்ச்சவில்லை. ரியோவில் அதே பாட்டைக் காய்ச்சி அடித்தார்கள். பெய்லி மேல் பழி போடாதீங்க.

மூன்றாம் கிட்டார்:
இதை ஒத்துக்கொள்கிறேன். பெய்லிக்காகப் பேச ஒரு ஆளாவது கிடைத்தார்.

கொழுந்துக்கூடை:
இன்றைக்கு ஒரு வேலை பார்த்தேன். பெயர் சொல்லாமல் அந்த ரியோப் பதிவைப் போட்டேன். பெரியப்பா ஒன்பது நிமிஷமும் வாசல் இஸ்தோப்பை விட்டு அசையவில்லை. 'இது எந்த வருஷம்?' என்றார். 'எண்பத்தேழு' என்று அடித்துவிட்டேன். 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு தரம் போடச் சொன்னார்.

பழைய கெசட்:
தம்பி, எண்பத்தேழில் மெய்டன் அல்பமே வரவில்லை. உங்க பெரியப்பாவுக்கா அது தெரியாது?