போதகர் ஐக்கியத்துல (பாஸ்டர்கள் சேர்ந்து நடத்துற சங்கம்) சேரலாமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குன்னூர் மேட்டுவீடு:
கோத்தகிரிப் பக்கம் ஒரு ஐக்கியம். ஜெபக் கூடுகைன்னுதான் பாஸ்டர்களைக் கூப்பிட்டாங்க. டீயும் வர்க்கியும் வந்த நேரத்துல கூட்டத் தீர்மானம் எழுதுற மினிட்ஸ் நோட்டும் கைமாறி வந்துச்சு. மேல்பாதி வெறும் தாள், கீழே வரிசையா கையெழுத்து. தேர்தல் நெருங்கினதும் அந்த வெறும் இடத்துல ஒரு வேட்பாளருக்கு "ஏகமனதாக ஆதரவு". வாசிச்சுக் காட்டின தீர்மானத்துல மட்டும் கையெழுத்துப் போடுங்க, கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்த பிறகு.

கூடலூர் சாரல்:
அதுக்காக ஐக்கியமே வேண்டாம்னா எப்படி பிரதர்? சி.எஸ்.ஐ., ஆர்.சி. ஆட்களுக்கு திருமண்டலம், மறைமாவட்டம்னு இருக்கு, கல்லறை இருக்கு. எந்தப் பெரிய திருச்சபையிலயும் சேராத சுயாதீன சபைக்கு? ஆடி மழையில இங்க ஒரு சாவு. திருச்சபைக் கல்லறையில உறுப்பினருக்குத்தான் இடம்னுட்டாங்க. ஃப்ரீசர் பெட்டி வந்துச்சு, கரண்ட் போச்சு. ஐக்கியத்துச் செயலாளர் பஞ்சாயத்துல பேசித்தான் பொது மயானத்துல இடம் கிடைச்சது. குழியில தண்ணி ஊற ஊற வாளியால இறைச்சுக்கிட்டே அடக்க ஆராதனை நடந்துச்சு. தனி ஆளா அந்த பாஸ்டர் என்ன பண்ணியிருப்பார்?

ஊட்டி பழைய ஆள்:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. ஐக்கியத்து அடையாள அட்டையைக் காட்டிக் கல்யாணம் நடத்த முடியாது. சுயாதீன போதகருக்கு 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மாநில அரசு தர்ற லைசென்ஸ் வேணும், 6 அல்லது 9-ஆம் பிரிவுல. அட்டையை நம்பி நடத்தி வெச்சா, பாஸ்போர்ட்டுக்குச் சான்றிதழ் கேக்கும்போது மாட்டுறது அந்தப் பொண்ணு மாப்பிள்ளைதான். தேவாலயப் பணியாளர் நல வாரியமும் அப்படித்தான். அது அரசோடது, சங்கச் சந்தா கட்டினா அதுல சேர்ந்ததா ஆகாது.

சேர்றதுக்கு முன்னாடி பதிவுச் சான்றைக் கேளுங்க. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தாலே பதிஞ்சிடலாம், அதனால "மாநில அளவிலான" பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளர்கிட்ட ஒழுங்காத் தாக்கல் ஆகுதான்னு பாருங்க. தாக்கலே பண்ணாத சங்கமும் பழைய சான்றை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும். துணை விதியில விலகுற விதி இருக்கா? வங்கிக் கணக்குல ரெண்டு பேர் கையெழுத்தா, தலைவர் ஒருத்தரா? ஒருத்தர்னா ஜெபத்துக்கு மட்டும் போங்க, சந்தா வேண்டாம்.

கோத்தகிரி ரோடு:
மேட்டுவீடு அண்ணே, கோடு பத்தாது. உதிரித் தாள்ல வருகைக் கையெழுத்துன்னு வாங்கி அப்புறம் நோட்டுல ஒட்டிடுறாங்க. பக்க எண் அச்சடிச்ச நோட்டான்னு பாருங்க.