லாபநோக்கற்ற அமைப்பு எங்கள் ஆய்வைக் கம்பெனியாக்க உதவுகிறேன் என்கிறது, பங்கும் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

முகிலன்_ஆய்வு:
வணக்கம். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக்காக (பிஎச்டி முடித்த பிறகு சேரும் ஆய்வாளர்) இருக்கிறேன். சிறுநீர்க் கதீட்டரின் (சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் போடும் குழாய்) உள்சுவரில் பாக்டீரியா ஒட்டாமல் தடுக்கும் பூச்சு ஒன்றை நானும் எங்கள் பேராசிரியரும் உருவாக்கியிருக்கிறோம். ஆய்வகத் தட்டில் வளர்த்த ஈ.கோலை பாக்டீரியா மீது நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகளிலிருந்து வரும் ஆய்வுகளை ஸ்டார்ட்அப் ஆக்குவதற்கென்றே ஒரு லாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது. அவர்களே கூப்பிட்டுப் பேசினார்கள். ஆய்வக இடம், ஆலோசகர், காப்புரிமைச் செலவு, கொஞ்சம் தொடக்கப் பணம் எல்லாம் தருவார்களாம். பணம் கடனாக வரும், பெரிய முதலீட்டாளர் வரும்போது அது பங்காக மாறிவிடும் என்கிறார்கள். லாபம் வேண்டாம் என்பவர்களுக்குப் பங்கு எதற்கு? நான் இப்போதே வேலையை விட வேண்டுமா? அடுத்த மாதம் மாநாட்டில் போஸ்டர் வேறு இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேனருவி:
இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றில்தான் வேலை பார்க்கிறேன். வருகிற விண்ணப்பங்களைப் படித்து, எதற்குப் பணம் போகலாம் என்று பரிந்துரைப்பது என் பொறுப்பு.

முதலில் போஸ்டர். காப்புரிமை விண்ணப்பம் போடாமல் அதை வைக்காதீர்கள். அமெரிக்காவில் காப்புரிமை கேட்க, வெளியிட்ட பிறகும் 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படியில்லை, வெளியே தெரிந்துவிட்டால் அதோடு சரி. மாநாட்டுச் சுருக்கம் முன்கூட்டியே இணையத்தில் ஏறிவிடும், அந்த நாளையும் கேட்டு வையுங்கள். காப்புரிமை, உரிமம் எல்லாம் கவனிக்கும் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள்.

அடுத்து பங்கு. லாபநோக்கற்றது என்றால் வருமானமே வரக்கூடாது என்று பொருளில்லை. வந்ததை யாரும் பங்கு பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் காப்புரிமைகளைக் கவனிக்க 1925-லேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வைட்டமின் டி காப்புரிமையில் வந்த பணம் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கே திரும்பிப் போனது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்கே பணம் கொடுத்தது. 2012-ல் அதில் உருவான மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2014-ல் அந்த ஃபவுண்டேஷன் தன் ராயல்டி உரிமையை (மருந்து விற்பனையில் வரும் பங்கு) 330 கோடி டாலருக்கு விற்றது. எல்லோருக்கும் இப்படி அமையாது. எங்களிடம் வரும் கம்பெனிகளில் பெரும்பாலானவை ஒன்றும் திருப்பித் தருவதில்லை. தேறுகிற ஒன்றிரண்டிலிருந்து வருவதை வைத்துத்தான் அடுத்தவர்களுக்குக் கொடுக்க முடிகிறது. அதனால் பங்கு கேட்பதில் தப்பில்லை. எவ்வளவு, எந்த விலையில் மாறும் என்பதை மட்டும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மேசை, பணம், ஆலோசகர் மூன்றும் வேறு இடத்திலும் கிடைக்கும். உங்கள் யோசனை தோற்றுப்போகக்கூடிய சோதனை எதுவோ, அதற்குப் பணம் தரச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் ஆய்வகத்தில் வேண்டாம், உங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறு ஆய்வகத்தில் நடக்கட்டும். புற்றுநோய்த் துறையில் பெரிதாகப் பேசப்பட்ட 53 ஆய்வுகளை ஆம்ஜென் கம்பெனியார் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின என்று 2012-ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்ததைப் படித்திருப்பீர்கள். தனியார் முதலீட்டாளர்களும் அதைப் படித்திருக்கிறார்கள். ஆய்வு மானியக்காரர்கள் பழையதைத் திரும்பச் செய்யப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள், முதலீட்டாளர் அது முடியாமல் வர மாட்டார். நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் எங்களைப் போன்ற அமைப்புகள் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் விஷயத்தில் அந்தச் சோதனை எது? தட்டில் ஈ.கோலை போதாது. கதீட்டர் மாதக்கணக்கில் இருக்கும் நோயாளிகளிடம் பெரிய தொல்லை புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடையும், கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட் படிகங்களாக இறங்கும். பூச்சின் மேல் படிகம் ஒரு அடுக்காக மூடிவிட்டால் பாக்டீரியா அந்தப் படிகத்தின் மேல் குடியேறும். அடியில் இருக்கிற உங்கள் பூச்சுக்கு அப்புறம் வேலையே இல்லை.

இதற்குக் கண்ணாடிச் சிறுநீர்ப்பை மாதிரி ஒன்று உண்டு. இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை, சுவர்களுக்கு நடுவில் 37 டிகிரி வெந்நீர் சுற்றும். அடியிலிருந்து கதீட்டரை நுழைத்து, அது நழுவாமல் பிடிக்கும் நுனிப் பலூனை ஊதி, செயற்கைச் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பார்கள். எத்தனை மணி நேரத்தில் அடைக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. ஒருமுறை கூடவே இருந்து பார்த்தேன். பூச்சு போட்டதும் போடாததும் பக்கத்துப் பக்கத்தில். முதலில் அடைத்தது பூச்சு போட்டதுதான். துளையை ஒட்டி வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்டினால் மணல்போல் உதிரும் படிவு. அந்தக் குழு பூச்சின் வேதியியலையே மாற்றிக்கொண்டு திரும்ப வந்தது. கம்பெனி பதிவுசெய்து ஆளெல்லாம் எடுத்த பிறகு அது தெரிந்திருந்தால் அத்தனை பேரின் பிழைப்பும் போயிருக்கும்.

அந்தச் சோதனைக்கு முன் குழாய்களை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமிநீக்கம் செய்துவிடச் சொல்லுங்கள். நோயாளிக்குப் போவது அப்படிப்பட்ட குழாய்தானே. இதெல்லாம் முடியும்வரை வேலையை விடாதீர்கள்.

வார்டு_செவிலி:
தொற்றுக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், வாங்கும் குழுவிலும் உட்காருவேன். வெள்ளி பூசிய கதீட்டர்கள் ஏற்கெனவே சந்தையில் உள்ளன. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குறுகிய காலத்துக்குப் போடும் கதீட்டரில் வெள்ளிப் பூச்சால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றது. அதன் பிறகு "பாக்டீரியா குறைகிறது" என்ற வரைபடத்தை யார் காட்டினாலும் எங்கள் குழு அசைவதில்லை. ஆனால் குழாய் அடைத்து நடுராத்திரியில் மாற்ற வேண்டி வரும் நோயாளிக்கு ஒரு வழி சொன்னீர்களானால் கண்டிப்பாகக் கேட்போம். தேனருவி அக்கா சொன்ன சோதனையை அதற்காகவே செய்யுங்கள் தம்பி.

கரிசல்_நிறுவனர்:
இந்த வழியாக வந்து கம்பெனி நடத்துகிறேன். இரண்டு விஷயம். பல்கலைக்கழகத்திடம் எடுத்த எடுப்பிலேயே முழு உரிமம் வாங்க வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமம் எடுக்கும் முதல் வாய்ப்பு எங்களுக்கே என்று ஓர் ஒப்பந்தம் போதும், செலவும் குறைவு. இரண்டாவது, வட்டார அமைப்பு என்றால் அதன் பணம் பெரும்பாலும் வட்டார வேலைவாய்ப்புக்காக வந்ததாக இருக்கும். கம்பெனி வெளியூர் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை எங்கள் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்தது. தலைமையகத்தை மாற்றினால் மட்டுமா, உற்பத்தியை வெளியே கொடுத்தாலுமா என்று எழுத்தில் கேளுங்கள். கதீட்டர் தயாரிக்க உங்கள் ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

முகிலன்_ஆய்வு:
எல்லோருக்கும் நன்றி. பரிமாற்ற அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன், போஸ்டரில் பூச்சின் கலவையை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். ஒரு சந்தேகம். வெளி ஆய்வகத்தில் முடிவு மோசமாக வந்தால் அது யாருக்குச் சொந்தம்? நான் பிரசுரிக்கலாமா?

தேனருவி:
கலவையை மட்டும் எடுத்தால் போதுமா என்பதைக் காப்புரிமை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். மீதிப் படங்களிலிருந்தே யூகிக்க முடிந்தால் சிக்கல்.

முடிவு யாருக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதுவதைப் பொறுத்தது. தரவு பல்கலைக்கழகத்துக்கும் உங்களுக்கும், அமைப்புக்குப் பார்க்கும் உரிமை, காப்புரிமை விண்ணப்பம் போட்ட பிறகு நல்லதோ கெட்டதோ பிரசுரிக்கலாம் என்று மூன்று வரி போடச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் போடுகிறோம். முதல் காப்புரிமை விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை) வழியாகச் சர்வதேச விண்ணப்பம் போட வேண்டும். எந்தெந்த நாட்டில் தொடர்வது என்று முடிவெடுக்க, முதல் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம் இருக்கும். பெரிய செலவு அப்போதுதான். கண்ணாடிக் குடுவை அதற்கு ரொம்ப முன்னாலேயே பதில் சொல்லிவிடும். ஆய்வகம் தேடும்போது புரோட்டியஸ் வைத்து இந்த மாதிரியை ஏற்கெனவே ஓட்டியவர்களா என்று மறக்காமல் கேளுங்கள்.