'ஆட்', 'அட்டாச்': இசட்எஃப்எஸ் கற்றபோது நேர்ந்தவை

2017இல் எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில், ஒரே ஒரு 4 டெராபைட் வட்டைக் கொண்டு இசட்எஃப்எஸ் (ZFS) என்னும் கோப்பு முறைமையில் பூல் ஒன்றை, அதாவது வட்டுகளை ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் தொகுப்பை, அமைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்து அதே அளவுள்ள இன்னொரு வட்டு வந்தபோது, அதை முதல் வட்டுக்கு மிரராக (அதே தரவின் மறுபிரதியை வைத்திருக்கும் வட்டாக) இணைக்க எண்ணி, அதற்கான 'அட்டாச்' கட்டளையைக் கொடுக்க வேண்டிய இடத்தில், வட்டைத் தனி இடமாகப் பூலில் சேர்க்கும் 'ஆட்' கட்டளையைக் கொடுத்துவிட்டேன். முன்பே மிரராக இருந்த பூலில் தனி வட்டைச் சேர்க்க முயன்றிருந்தால் கட்டளை மறுத்திருக்கும். தனி வட்டுடன் தனி வட்டு சேர்வதால் அதற்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. மறுநாள் பூலின் கொள்ளளவு இரட்டிப்பாகியிருந்ததைக் கண்டு ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மிரர் என்றால் இடம் கூடக் கூடாதே என்று அதன் பிறகுதான் உறைத்தது.

இரண்டில் எந்த வட்டு பழுதானாலும் பூல் முழுவதும் போய்விடும் என்ற நிலையில், சேர்த்த வட்டைக் கழற்றவும் வழியில்லை. அந்த வசதி லினக்ஸுக்கு 2019இல், 0.8 பதிப்பில்தான் வந்தது. தரவு அனைத்தையும் வேறொரு சர்வருக்கு நகலெடுத்து, பூலை அழித்து, மீண்டும் மிரராக உருவாக்க ஒரு வார இறுதி முழுவதும் கழிந்தது.

அதன் பிறகு எதையும் முதலில் கோப்புகளில் செய்து பார்க்கிறேன். 256 மெகாபைட் அளவில் ஆறு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, அவற்றையே வட்டுகளாகக் காட்டி ரெய்டு-இசட்2 பூல் (இரண்டு வட்டுகள் பழுதானாலும் தரவு தப்பும் அமைப்பு) அமைக்கலாம். அதில் தரவை நிரப்பி, ஒரு கோப்பின் நடுப்பகுதியில் வேண்டுமென்றே சுழியங்களை எழுதிவிட்டு தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் 'ஸ்க்ரப்' ஓட்டினால், செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பிழைகள் எண்ணப்படுவதையும், பிற கோப்புகளில் உள்ள தரவைக் கொண்டு அவை சரிசெய்யப்படுவதையும் கண்ணாரக் காணலாம். கையேட்டை மூன்று முறை படித்தும் விளங்காதது அன்று அரை மணி நேரத்தில் விளங்கியது.

*

இன்னொரு முறை எனக்குச் சிக்கல் நேர்ந்தது வட்டால் அன்று, ஸ்னாப்ஷாட்டால், அதாவது ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையை அப்படியே பிடித்துவைக்கும் பதிவால். பூல் நிரம்பிவருகிறது என்று பழைய பேக்கப் கோப்புகளை 300 ஜிகாபைட் அளவுக்கு அழித்தும் காலி இடம் சற்றும் கூடவில்லை. தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் அந்தத் தரவைப் பிடித்துவைத்திருந்தன. கோப்பை அழிப்பதால் மட்டும் இடம் திரும்பாது, அதைச் சுட்டும் கடைசி ஸ்னாப்ஷாட்டும் நீங்க வேண்டும் என்பது தெரியாமல் வட்டு பழுதோ என்று ஐயுற்று ஒரு நாளை வீணாக்கினேன். இப்போது இடப் பட்டியலில் முதலில் பார்ப்பது, ஸ்னாப்ஷாட்டுகள் எவ்வளவு இடத்தை வைத்திருக்கின்றன என்று காட்டும் பத்தியைத்தான்.