சால்வென்சி: கடன்தீர்திறனா, ஈடுதிறனா?

அன்புள்ள குழுவினர்க்கு,
ஐரோப்பிய, இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களின் இடர் மேலாண்மையை ஒப்பிடும் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘சால்வென்சி’தான் நிற்கிறது. நொடித்துப்போகாமல் இழப்பீடுகளைக் கொடுத்துத் தீர்க்கும் வலு. ‘கடன்தீர்திறன்’ என்று போட்டேன். பாலிசிதாரருக்குத் தருவது கடனா என்று கேட்கிறார் மேற்பார்வையாளர்.
— ந.

ந.,
கடன் என்றால் வட்டிக்கு வாங்கியது மட்டுமா? ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்றுத் தாய் யாரிடம் வாங்கினாள்? கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே அடி. கடவுளையும் நான் அங்கேதான் சேர்ப்பேன். அது இன்னொரு நாளுக்கு. ஆனாலும் காப்பீட்டுக்குள்ளேயே ‘ஈடு’ இருக்கிறது. ‘ஈடுதிறன்’ போதும்.
— மா.

மா. ஐயா,
காப்பீடு, தொகையோடு சேர்ந்து காப்பீட்டுத்தொகை ஆகிறது. அப்படியானால் ஈட்டுத்திறன் என்றல்லவா வரும்? மாணவர் அதைச் சம்பாதிக்கும் திறன் என்பார். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஈடு வைப்பது அடகு வைப்பது. (காப்பீடும் எங்களுக்குக் காப்புறுதிதான், மேலாண்மை, முகாமைத்துவம்.)
— சி.

சொல் எதுவாகவும் இருக்கட்டும், அட்டவணையைப் பாருங்கள். ‘கடன்தீர்திறன் விகிதம்: இந்தியா 150 விழுக்காடு, ஐரோப்பா 100’ என்று ஒரே தலைப்பில் போட்டால் இந்தியாதான் கடுமை என்று தோன்றும். கைவசமுள்ள மூலதனத்தை வகுக்கும் எண் வேறு. ஐரோப்பாவில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சால்வென்சி 2 முறையில், 200 ஆண்டுக்கு ஒருமுறை நேரக்கூடிய இழப்பை ஓராண்டுக்குள் தாங்கும் மூலதனமே 100. சந்தை, காப்பேற்பு (பாலிசி கொடுத்துப் பொறுப்பேற்பது), எதிர்த்தரப்பு கைவிரிப்பது, உள்நிர்வாகக் கோளாறு என்று ஒவ்வோர் இடரையும் அளந்து அதைக் கட்டுகிறார்கள். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த வாய்பாடு: பொதுக் காப்பீட்டில் பிரிமியத்தை வைத்து ஒரு கணக்கு, இழப்பீட்டை வைத்து ஒரு கணக்கு, எது கூடுதலோ அது தேவைத்தொகை. அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். பணம் பங்கில் கிடந்தாலும் அரசுப் பத்திரத்தில் கிடந்தாலும் அந்தத் தொகை மாறாது. முதலீட்டு வரம்புகள் தனி விதி. இடர்சார் மூலதனத்துக்கு மாறும் வேலை இப்போதுதான் நடக்கிறது. ஆகவே ‘வாய்பாட்டுத் தேவை’, ‘இடரளவுத் தேவை’ என்று இரண்டு சொல் வேண்டும். சால்வென்சியை அப்படியே விடுங்கள். அலுவலகத்தில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறோம்.
— கு.

கு. சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் ‘இடரளவு’ எப்படிப் பொருந்தும்? ‘இடர் களையாய்’ என்று சம்பந்தர் பாடியது வந்துவிட்ட துன்பத்தை. வரலாம், வராமலும் போகலாம் என்பது இடரா?
— மா.

ஐயா, ‘இடர்’ பாடநூலிலும் அரசாணையிலும் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் இறக்க முடியாது. கடன்தீர்திறனுக்கு நால்வர், சால்வென்சிக்கு இருவர். முன்னதைப் போட்டு, முதல் இடத்தில் மட்டும் பின்னதை அடைப்பில் தருகிறேன். அட்டவணையை கு. சொன்னபடி இரண்டாகப் பிரித்துவிட்டேன்.
— ந.

என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்க. ஓடுதளத்தை யாரும் ஓட்டுத்தளம் என்பதில்லை. ஈடுதிறனும் நிற்கும்.
— மா.

அது வினைத்தொகை, ஐயா. அங்கே ஓடு வினை, ஈடு பெயர்.
— சி.