சமீபத்தில் ஆடியதில் மனதை விட்டுப் போகாத ஒரு கணம்

நள்ளிரவு ஆட்டக்காரன்:

அவுட்டர் வைல்ட்ஸ் 2019-இல் வந்த, விண்கலத்தில் கிரகம் கிரகமாகச் சுற்றி மர்மம் தேடும் கேம், நான் இப்போதுதான் ஆடி முடித்தேன். 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடிப்பது, மறுபடி அதே நெருப்பின் பக்கத்தில் கண் விழிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக டார்க் பிராம்பிள் என்ற பனிமூட்டமான இடத்துக்கு வருகிறேன். (ஆடாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.)

பனிமூட்டத்துக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம். வழி காட்டும் விளக்கு என்று நினைத்துக் கப்பலைத் திருப்பினேன். வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு ராட்சத மீனின் பல்வரிசை. இப்படியே ஏழெட்டு முறை மீன் வாய்க்குள் போனேன். பொறுமை போய், போனை எடுத்துத் தேடிவிட்டேன். அந்த மீன்களுக்குக் கண் தெரியாது, சத்தம்தான் கேட்கும், எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்து போ என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். பட்டனில் விரலே வைக்காமல் மூன்று மீன்களுக்கு நடுவே மிதந்தேன். ஒன்றின் தாடை திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு கடந்துபோனது.

உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. எம்பர் ட்வின் என்ற கிரகத்தில் ஒரு குகைக்குள் அதே மீனின் எலும்புக்கூடு கிடக்கிறது. பக்கத்தில், முன்பு அங்கே வாழ்ந்த நோமாய் இனத்துக் குழந்தைகள் எழுதி வைத்த விளையாட்டு விதி. மீனாக இருப்பவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். வெளியே மணல் ஏறிக்கொண்டே இருக்கிறது, நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்கு வேண்டியிருந்த விடையைக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆட்டமாக அங்கே விட்டுப் போயிருக்கிறார்கள். நான் அதைப் போனில் படித்துவிட்டு வந்து நிற்கிறேன்.

அந்த கேமில் ஆயுதம் கிடையாது, லெவல் ஏறாது. தெரிந்துகொண்டது மட்டும்தான் கையில் சேரும். அதில் ஒன்றை நானே கெடுத்துக்கொண்டேன். முதலிலிருந்து ஆடினாலும் அது இனி கிடைக்காது.

பழைய கண்ட்ரோலர்:

நான் இதிலிருந்து மயிரிழையில் தப்பினேன். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்ற துப்பறியும் கேம். கப்பலில் 60 பேர், ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று நாம் எழுத வேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் கேம் உறுதி செய்யும், அதனால் குருட்டடி அடிப்பது லேசில் பலிக்காது. பாதிக்கு மேல் மாலுமிகளின் பெயர் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். தேடலாம் என்று போனைக் கையில் எடுத்தும் விட்டேன்.

திரையில் மாலுமிகள் தூங்கும் தூளிகள் வரிசையாகத் தொங்கும் காட்சி. கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான் எல்லாமே. ஒரு தூளியின் ஓரத்தில் சின்னச் சீட்டு. அதில் ஒரு எண். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு எண் இருக்குமே, அதுவரை அது வெறும் வரிசை எண் என்றுதான் நினைத்திருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று தூங்கும்போது விடிந்துவிட்டது.

சேவ் பாயிண்ட்:

என் கதை சின்னது. சப்நாட்டிகா என்ற ஆழ்கடல் கேம், மணல் திட்டுப் பகுதி. இங்கே லெவையதன் வகை ராட்சத உயிரினங்கள் பல இருக்கின்றன, நீங்கள் செய்துகொண்டிருப்பது இந்த ஆபத்துக்குத் தகுமா என்று கம்ப்யூட்டர் குரல் கேட்டது. சீமாத் என்ற என் சின்ன நீர்மூழ்கியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் எழுதியவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழெட்டு முறை செத்த பிறகு உதவி தேடுவது தப்பே கிடையாது. எப்படித் தேடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவுட்டர் வைல்ட்ஸில் முதலில் கப்பலில் இருக்கும் குறிப்பேட்டைப் பாருங்கள். எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது மிச்சம் என்று அதுவே சொல்லும். ஒரு இடத்தில் முட்டினால் வேறு கிரகத்துக்குப் போய்விட வேண்டும், அந்த கேம் அதற்காகவே கட்டப்பட்டது. அதுவும் பலிக்கவில்லையா, முடித்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். விடையைக் கேட்காதீர்கள், 'நான் சரியான இடத்தில்தான் இருக்கிறேனா' என்று மட்டும் கேளுங்கள். ஆமாம், இல்லை, இரண்டே பதில். வீடியோ பார்க்கவே கூடாது, வேண்டாததெல்லாம் கண்ணில் பட்டுவிடும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சப்நாட்டிகாவுக்கும் இதையே சொல்வேன். எந்த ஆழத்தில் என்ன பார்த்தோம் என்று எழுதி வைத்தால் போதும், மேம்படுத்தாத சீமாத் 200 மீட்டருக்குக் கீழே நசுங்கத் தொடங்கும் என்பது மறக்காது.

மூன்றாம் உயிர்:

சேவ் பாயிண்ட், ஆமாம், இல்லை என்பதே சில சமயம் அதிகம். என் அனுபவத்தைக் கேளுங்கள்.

ஹாலோ நைட் கேமின் அடுத்த பாகமான சில்க்சாங், அதில் ஹண்டர்ஸ் மார்ச் என்ற பகுதி. அந்த எறும்புக் கூட்டத்தைத் தாண்டி, உயிர் ஊசலாட ஒரு பெஞ்சைக் கண்டேன். 2017-இல் ஹாலோ நைட் வந்ததிலிருந்து பெஞ்ச் என்றால் எனக்கு மூச்சு விடும் இடம். எவ்வளவு மோசமான இடமாக இருந்தாலும் அதில் உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடும். உட்கார்ந்தேன். பெஞ்சே என்னை அடித்தது. பொறி வைத்திருக்கிறார்கள்! கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருட நம்பிக்கையைத் தெரிந்துகொண்டு, அதன் மேலேயே கை வைத்திருக்கிறார்கள். அப்படியொரு யோசனை வந்ததற்காகவே அவர்களைப் பாராட்டத் தோன்றியது. 'இந்தப் பெஞ்சில் உட்காரலாமா' என்று யாரிடமாவது கேட்டு, அவர் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்குமா?

இப்போதெல்லாம் புதுப் பெஞ்சைப் பார்த்தால் முதலில் கையிலிருக்கும் ஊசி ஆயுதத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

நள்ளிரவு ஆட்டக்காரன்:

குறிப்பேடு பற்றிச் சொன்னது சரிதான், நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. நேற்று அவுட்டர் வைல்ட்ஸின் கூடுதல் பாகமான எக்கோஸ் ஆஃப் தி ஐ தொடங்கிவிட்டேன். போன் அடுத்த அறையில் இருக்கிறது. எரிந்துபோன ஒரு ஸ்லைடு சுருளிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தயவுசெய்து யாரும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.